காலுக்கு மெடிக்கல் லீவு!

ஜுரம் வந்தால் மெடிக்கல் லீவு போடுகிறோம். பாதத்தில் புண் வந்தால் மட்டும் துணியைச் சுற்றிக்கொண்டு பஸ் பிடிக்கிறோம். சர்க்கரை வியாதிக்காரர்கள் பல பேர் விரலை இழப்பது இந்தச் சுறுசுறுப்பால்தான்!

எனக்குத் தெரிந்த ஆபீஸ் குமாஸ்தா ஒருவர். கட்டைவிரலுக்கு அடியில் நாலணா அகலத்துக்குப் புண். ஆறு மாசம் களிம்பு தடவினார். கூடவே தினமும் மூணு மாடி ஏறினார். வலியே இல்லை. அதுதான் ஆபத்து ஸார்! நரம்பு மரத்துப் போச்சு. வலித்திருந்தால் நொண்டியிருப்பார்; நொண்டியிருந்தால் புண்ணுக்கு ஓய்வு கிடைத்திருக்கும். கடைசியில் விரலை எடுத்தார்கள்.

இதற்கு நம்ம வேலூரிலேயே அந்தக் காலத்தில் ஒரு வைத்தியம் நடந்தது. 1946-ல் அங்கே கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயில் மரத்துப்போன பாதங்களின் புண்ணை மாவுக்கட்டு போட்டே ஆற்றினார். 1966-ல் அவர் அமெரிக்கா போனார். அங்கே அதே கட்டு சர்க்கரைக்காரர்களுக்கும் வந்தது. முழங்காலுக்குக் கீழிருந்து பாதம் வரை ஒட்டினாற்போல் கட்டு. ஒரே இடத்தில் விழும் பாரம் பாதம் முழுக்க, கெண்டைக்கால் வரை பரவிவிடும்.

கழற்றி மாட்டும் பூட்ஸ் போதாதா? 2003-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், நடந்த மொத்த நடையில் 28 சதவீதத்துக்குத்தான் பூட்ஸ் காலில் இருந்ததாம்! மனுஷ புத்தி. கழற்ற முடியாததுதான் மாவுக்கட்டின் மகிமை.

சீழ் பிடித்திருந்தாலோ, ரத்த ஓட்டம் குறைந்திருந்தாலோ இந்தக் கட்டு ஒத்துவராது. டாக்டர்தான் பார்த்துச் சொல்லணும். ஆனால், 'என்ன தடவணும்?' என்பதோடு நிறுத்தாதீங்க. 'புண் மேல பாரம் விழாம இருக்க என்ன வழி டாக்டர்?' என்றும் கேளுங்க!