புகாரைப் படிக்க ஓர் ஆள் வேண்டும்

கோப்புகளைச் சுருக்கித் தரும் ‘எக்ஸ்இசட்’ என்ற மென்பொருளின் பெயரைப் பெரும்பாலானோர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். லினக்ஸ் ஓடும் சர்வர்களில் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் அது இருக்கிறது. அதைப் பல ஆண்டுகளாகத் தனி ஆளாகக் கவனித்துவந்தவர் பின்லாந்தைச் சேர்ந்த ஒரு நிரலாளர். அதற்குச் சம்பளம் கிடையாது. 2022-ஆம் ஆண்டின் மத்தியில் அவருக்குப் பொதுவெளியில் காட்டமான கடிதங்கள் வரத் தொடங்கின. அனுப்பிய திருத்தங்களை ஏன் இன்னும் சேர்க்கவில்லை, ஆர்வம் போய்விட்டதென்றால் வேறு ஆளிடம் ஒப்படைத்துவிட வேண்டியதுதானே என்று ஒருவர் மாற்றி ஒருவர் கேட்டார்கள். தன் மனநலம் நெடுநாளாகச் சரியில்லை, இது ஊதியமின்றிச் செய்யும் வேலை என்று அவர் பொறுமையாகவே பதில் எழுதினார். நெருக்குதல் நிற்கவில்லை. கடைசியில், தொடர்ந்து உதவி செய்துவந்த ‘ஜியா டான்’ என்ற பெயர்கொண்டவருக்குப் பராமரிப்புப் பொறுப்பில் பங்கு கொடுத்தார்.

அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்தது யார் என்பது இன்றுவரை வெளிவரவில்லை. நெருக்கிக் கடிதம் எழுதியவர்களும் போலிப் பெயர்களே என்றுதான் பின்னால் ஆராய்ந்தவர்கள் கருதுகிறார்கள். 2024-இன் தொடக்கத்தில் வந்த 5.6.0, 5.6.1 என்ற இரு பதிப்புகளில், தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் கள்ள வழி ஒன்று ஒளித்துவைக்கப்பட்டிருந்தது. உலகம் முழுக்கப் பரவும் முன்பே அதைக் கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை உருவாக்குபவர்களில் ஒருவரான அவர், தன் கணினியில், தொலைநுழைவு முறையான எஸ்எஸ்எச் வழியாக நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாவதைக் கவனித்தார். அந்த அரை நொடியை விடாமல் தோண்டிக்கொண்டு போய், மார்ச் 29 அன்று பொதுவில் புகாரை வெளியிட்டார்.

இந்தச் சம்பவத்தைப் பெரும்பாலும் உளவுக் கதையாகவே சொல்கிறார்கள். எனக்கோ இது புகார்களைப் பற்றிய கதையாகத்தான் படுகிறது. பயனர் கருத்து என்ற பெயரில் வந்த நெருக்குதல் ஒரு தனி மனிதரைத் தளர வைத்தது. அந்தச் சேதத்தைத் தடுத்ததும் ஒரு பயனரின் பிழைப் புகார்தான். இரண்டுக்கும் நடுவில், வந்த கடிதத்தைப் படித்து, எது உண்மை, எது அவசரம், எது வெறும் கோபம் என்று பிரித்துப் பார்க்க வேண்டிய ஒருவர் இருந்தார். நிரலாளர் சமூகங்களில் மிக முக்கியமான வேலை அதுதான் என்று நம்புகிறேன். அதைச் செய்பவரைத்தான் நாம் கடைசியாகக் கவனிக்கிறோம்.

ஃப்ராய்ண்டின் புகாரை எடுத்துப் படித்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். எந்தப் பதிப்பில் பார்த்தேன், என்ன செய்தபோது தெரிந்தது, எவ்வளவு நேரம் ஆனது, எதை உறுதியாகச் சொல்ல முடிகிறது, எது என் ஊகம் என்று எல்லாமே தனித்தனியாக இருக்கும். தான் பாதுகாப்பு ஆய்வாளர் அல்ல என்பதையும் அவர் அதிலேயே சொல்லிவிடுகிறார். ‘புட்டி’ மென்பொருளை எழுதிய சைமன் டாதம், பிழையை எப்படிப் புகார் செய்வது என்று 1999-இல் எழுதிய கட்டுரை பல மொழிகளில் இன்றும் படிக்கப்படுகிறது. அவர் வலியுறுத்துவதும் இதைத்தான். நீங்கள் பார்த்ததை அப்படியே சொல்லுங்கள். அதற்கான காரணம் உங்கள் ஊகமென்றால் அதை ஊகமென்றே தனியாகச் சொல்லுங்கள். நிரலை எழுதியவர் தன் கணினியில் அதே பிழையை வரவழைத்துப் பார்க்க வழி செய்யுங்கள். “வேலை செய்யவில்லை” என்ற இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு உலகின் எந்தக் கெட்டிக்கார நிரலாளராலும் எதையும் திருத்த முடியாது.

“முன்பு சரியாக ஓடியது, இப்போது ஓடவில்லை” என்ற புகாருக்குத் தனி மதிப்பு உண்டு. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில், பயனரின் நிரல் ஓடுவதைக் கெடுக்கும் மாற்றத்தை ஏற்கக்கூடாது என்பது அதை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் விட்டுக்கொடுக்காத விதி. அப்படிப்பட்ட பிழையைத் தேட ‘கிட் பைசெக்ட்’ என்ற கருவி இருக்கிறது. நன்றாக ஓடிய பதிப்பையும் கெட்டுப்போன பதிப்பையும் கொடுத்தால், நடுவில் உள்ள மாற்றங்களைச் சரிபாதியாகப் பிரித்து, நடுவிலிருக்கும் ஒன்றைச் சோதிக்கச் சொல்லும். அது நல்லதா கெட்டதா என்று சொன்னால், மிச்சத்தை மறுபடி பாதியாக்கும். ஆயிரம் மாற்றங்கள் இருந்தாலும் சுமார் பத்துச் சோதனைகளில் குற்றவாளி மாற்றம் அகப்பட்டுவிடும். இதைச் செய்ய கெர்னல் நிரல் படிக்கத் தெரிந்திருக்கத் தேவையில்லை. பொறுமையும் ஒரு கணினியும் போதும். சாதாரணப் பயனர் ஒருவர் பெரிய நிரலாளருக்குத் தோள்கொடுக்கும் இடம் அது.

புகார்களை வாங்கி வைப்பதில் எனக்கு மிகவும் பிடித்த முன்மாதிரி டெபியன். லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட இந்த இயங்குதளத்தை உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் உருவாக்குகிறார்கள். 2023-இல் அவர்களுடைய ஆண்டு மாநாடு கொச்சியில் நடந்தது. 1997-இல் அவர்கள் ஏற்றுக்கொண்ட சமூக ஒப்பந்தத்தில், சிக்கல்களை மறைக்க மாட்டோம், பிழைப் புகார்களின் தொகுப்பு முழுவதையும் எப்போதும் எல்லோர் பார்வைக்கும் திறந்தே வைப்போம் என்று ஒரு வாக்குறுதி இருக்கிறது. அந்தத் தொகுப்பில் புகார் எண்கள் பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டன. மின்னஞ்சல் அனுப்பத் தெரிந்த எவரும் புகார் செய்யலாம். கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. ஒவ்வொரு புகாருக்கும் ஒரு கடுமை அளவு உண்டு. கணினியையே கெடுக்கும் பிழையிலிருந்து, “இப்படி ஒரு வசதி இருந்தால் நன்றாயிருக்கும்” என்ற ஆசைப் பட்டியல் வரை ஏழு படிகள். அவற்றில் மேல் மூன்று படிகளில் உள்ள பிழையோடு ஒரு மென்பொருள் பொதுவாகப் புதிய வெளியீட்டுக்குள் போக முடியாது. ஒன்று அது திருத்தப்பட வேண்டும், அல்லது அந்த மென்பொருளே வெளியே நிற்க வேண்டும்.

அரசு ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு வாசலில் நின்று யாரை உடனே உள்ளே அனுப்புவது, யாரை உட்கார வைப்பது என்று முடிவு செய்யும் நர்ஸின் வேலை போன்றது, புகார்களை இப்படித் தரம் பிரிப்பது. அவர் அந்த இடத்தில் இல்லாவிட்டால் உள்ளே எத்தனை நல்ல டாக்டர்கள் இருந்தும் பயனில்லை. ஒரே பிழையைப் பத்துப் பேர் சொல்லியிருந்தால் அவற்றை இணைப்பது, விவரம் போதாதபோது திருப்பிக் கேட்பது, ஐந்து வருடப் பழைய புகாரை இன்றைய பதிப்பில் ஓட்டிப் பார்ப்பது என்று அந்த வேலை நீள்கிறது. ஒரு வரி நிரல்கூடப் புதிதாக எழுதாததால் இவர்களுடைய பெயர் எந்தப் பட்டியலிலும் வருவதில்லை.

புகார்களைப் பிரிக்க அப்படி ஓர் ஆளை வைக்காமல் சுலப வழி தேடும் திட்டங்கள் நிறைய. 2003-இலேயே, நெட்ஸ்கேப் உலாவியின் தொடக்கக்கால நிரலாளர்களில் ஒருவரான ஜேமி சவின்ஸ்கி இதைக் கண்டித்து எழுதினார். லினக்ஸுக்குத் திரைச்சூழலைத் தரும் நோம் திட்டத்துக்குத் தான் அனுப்பிய புகார்களை, புதிய பதிப்பு வந்துவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக, பிழை போய்விட்டதா என்றுகூடப் பார்க்காமல் மூடிவிட்டார்கள் என்பது அவர் கோபம். இன்று அதே காரியத்தை எந்திரமே செய்கிறது. நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் குறிப்பிட்ட நாட்களுக்கு மேல் அசைவில்லாமல் கிடக்கும் புகார்களைத் தானாக மூடும் தானியங்கி நிரல்களைப் பல திட்டங்கள் வைத்திருக்கின்றன. இதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒருவர் தன் மாலைப் பொழுதைச் செலவழித்து எழுதிய புகாரை எவரும் படிக்கவில்லை. படிக்காததையே காரணமாகச் சொல்லி மூடுகிறார்கள். “இதைத் திருத்த எங்களிடம் ஆள் இல்லை” என்று ஒரு மனிதர் எழுதி மூடினால் வருத்தப்படலாம், ஆனால் மதிக்கலாம். அடுத்த முறை பிழை கண்ணில் பட்டால், எந்திரத்திடம் பதில் வாங்கியவர் வாய் திறக்க மாட்டார்.

முகத்தில் அடிக்கும் பதிலும் அதே வேலையைச் செய்கிறது. பல ஆண்டுகள் கடுஞ்சொற்களுக்குப் பேர்போன டோர்வால்ட்ஸ், 2018 செப்டம்பரில் தன் நடத்தைக்காக மன்னிப்புக் கேட்டுச் சிறிது காலம் ஒதுங்கியிருந்தார். அவர் வெளிப்படையாகச் செய்த அந்தக் காரியத்தை நான் பெரிதாக மதிக்கிறேன்.

எதிர்த்திசையிலும் அடி விழுகிறது. பைத்தான் மொழியில் புதிதாக எதையாவது சேர்க்க வேண்டுமென்றால் முறைப்படி ஒரு முன்மொழிவு எழுத வேண்டும். நிராகரிக்கப்பட்ட முன்மொழிவுகளும் காரணங்களோடு எல்லோர் பார்வைக்கும் அப்படியே வைக்கப்படுகின்றன. இவ்வளவு ஒழுங்கு இருந்தும், 572-ஆம் எண் முன்மொழிவு 2018-இல் பெரிய சச்சரவானது. ஒரு கோவைக்கு நடுவிலேயே மாறிக்கு மதிப்புத் தரும் குறியீட்டைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதுதான் விவாதம். மொழியை உருவாக்கிய கீடோ வான் ராசம் அதை ஏற்றுக்கொண்டார். பிறகு, இனி ஒரு முன்மொழிவுக்காக இப்படிப் போராடத் தெம்பில்லை என்று சொல்லி ஜூலையில் தலைமைப் பொறுப்பிலிருந்தே விலகிவிட்டார். அடுத்து, மொழியின் மைய நிரலாளர்கள் தேர்ந்தெடுக்கும் ஐந்து பேர் கொண்ட குழுவிடம் பைத்தான் போனது. கருத்துகளின் முழுப் பாரமும் ஒரே தலையில் இறங்கக் கூடாது என்பதை அந்தச் சமூகம் இப்படி ஏற்பாடாகவே மாற்றிக்கொண்டது. எக்ஸ்இசட் போன்ற சிறு திட்டங்களுக்கு அந்த வசதி வாய்ப்பதில்லை.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இதில் நேரடித் தொடர்பு இருக்கிறது. ‘கொ’ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: க-வோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்க்கலாம், அல்லது கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்க்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். இரண்டும் ஒன்றுதான் என்று நடத்தத் தெரியாத மென்பொருளில் ‘கொக்கு’ என்று தேடினால், கண்ணெதிரே இருக்கும் சொல் அகப்படாது. தமிழ் தெரியாத பராமரிப்பாளருக்கு இந்தப் பிழை கண்ணில் படவே வழியில்லை. எழுத்து உடைந்து தெரிகிற படத்தை அனுப்பினாலும், எது உடைந்தது, எது சரி என்று அவருக்குத் தெரியாது. அதனால் தமிழ்ப் பிழையைப் புகார் செய்பவர்கள் தவறாகத் தெரியும் படத்தையும் சரியாக இருக்க வேண்டிய படத்தையும் அருகருகே வைத்து, அந்த எழுத்துகளின் யூனிகோடு எண்களையும் எழுதி அனுப்ப வேண்டும். ஆங்கிலம் தடுமாறினாலும் பரவாயில்லை. இவை மூன்றும் இருந்தால் பேச்சே தேவைப்படாது. பராமரிப்பாளர்களிடமும் ஒரு வேண்டுகோள்: இலக்கணம் பிசகிய ஆங்கிலத்தில் வரும் புகாரை ஒதுக்காதீர்கள். அந்த மொழியில் அந்தப் பிழையைப் பார்க்கக்கூடிய ஒரே ஆள் அவராக இருக்கலாம்.

புகார் வாசிப்பவருக்கு இப்போது வந்திருக்கும் சோதனை வேறு வகையானது. இணையத்தில் தரவு எடுத்துவரும் ‘கர்ல்’ மென்பொருளை நடத்திவரும் ஸ்வீடன்காரர் டேனியல் ஸ்டென்பெர்க், பாதுகாப்புப் பிழைகளைச் சொல்பவர்களுக்கு 2019 முதல் பரிசுப் பணம் கொடுத்துவந்தார். செயற்கை நுண்ணறிவு வந்ததும், இல்லாத பிழையை இருப்பதாக விரிவாக விவரிக்கும் புகார்கள் குவியத் தொடங்கின. நல்ல ஆங்கிலம், தெளிவான தலைப்புகள், மரியாதையான நடை. உள்ளே ஒன்றும் இல்லை. இல்லை என்று உறுதிசெய்ய ஆகும் நேரமோ உண்மையான புகாருக்கு ஆகும் அதே நேரம். 2025-இல் வந்தவற்றில் சுமார் 5 விழுக்காடுதான் உண்மையான பாதுகாப்புப் பிழைகள் என்று அந்த ஆண்டின் நடுவில் அவர் எழுதினார். 2026 ஜனவரியோடு பரிசுத் திட்டத்தையே நிறுத்திவிட்டார். அதே ஸ்டென்பெர்க், செயற்கை நுண்ணறிவுக் கருவிகளால் தேடி ஓர் ஆய்வாளர் அனுப்பிய நீண்ட பட்டியலை 2025-இல் மனதாரப் பாராட்டினார். அதிலிருந்து பல உண்மையான பிழைகள் திருத்தப்பட்டன. அந்த ஆய்வாளர் கருவி சொன்னதைத் தன் அறிவால் சலித்தெடுத்த பிறகே அனுப்பியிருந்தார். மற்றவர்கள் அந்த வேலையைக் கர்லின் ஏழெட்டுப் பேர் தலையில் இறக்கினார்கள்.

ஆளும் நேரமும் வேண்டுமென்றால் பணம் வேண்டும். இந்த விஷயத்தில் நல்ல செய்திகள் வரத் தொடங்கியிருக்கின்றன. ஜெர்மனி அரசு 2022-இல் தொடங்கிய ‘சாவரின் டெக் ஃபண்ட்’, பொதுவில் எல்லோரும் நம்பியிருக்கும் திறந்த மூல மென்பொருள்களின் பராமரிப்புக்கே பணம் தருகிறது. 2023-இல் நோம் திட்டத்துக்கு 10 லட்சம் யூரோ கொடுத்தது. இந்தியாவில் ஸெரோதா நிறுவனம் 2024-இல் அறிவித்த நிதி, உலகெங்கும் உள்ள திறந்த மூலத் திட்டங்களுக்கு ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் வரை ஒதுக்குகிறது. இந்த நிதிகளைக் கையாள்பவர்களிடம் என் கோரிக்கை ஒன்றுதான். விண்ணப்பப் படிவத்தில், வரும் புகார்களைப் படித்துப் பிரிப்பவர் யார், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், அந்த நேரத்துக்கு எவ்வளவு ஊதியம் என்று கேட்டு ஒரு கட்டம் சேர்க்க வேண்டும். அந்தக் கட்டம் காலியாக வந்தால், புதிய வசதிகளுக்குப் பணம் தரும் முன் அதை நிரப்புவதற்குப் பணம் தர வேண்டும்.