பொதியில் எழுதும் சொல்லுக்கு யார் பொறுப்பு? கந்தப்பளையிலிருந்து ஒரு விளக்கம்

நுவரெலியாவிலிருந்து இராகலை நோக்கிச் செல்லும் வீதியில் கந்தப்பளையைக் கடக்கும்போது தேயிலை மலைகளோடு லீக்ஸ், கரட், கோவா, உருளைக்கிழங்குத் தோட்டங்களையும் காணலாம். தோட்ட வேலை முடிந்ததும் லயனுக்கு அருகிலுள்ள துண்டு நிலத்தில் மரக்கறி செய்பவர்களும் இங்கு உள்ளனர். மரக்கறி கொழும்புக்குப் போகிறது. தேயிலை கடல் கடந்து, லண்டனிலும் ரொறன்ரோவிலும் உள்ள நம்மவர் கடைகள் வரை போகிறது. போகும் வழியில் எங்கோ ஓரிடத்தில் பொதியின்மீது ஒரு சொல் ஏறுகிறது: "இயற்கையானது", "சேதன உற்பத்தி", "சுற்றாடலுக்கு உகந்தது".

அந்தச் சொல் உண்மையா என்று கொழுந்து பறிப்பவரிடம் யாரும் கேட்பதில்லை. ஆனால் அது பொய்யென்று தெரிந்து வெளிநாட்டுக் கொள்வனவாளர் விலகினால், வேலை நாள் குறைவது மலையில்தான்.

2021 சொல்லித் தந்த பாடம்

2021 மே 6ஆம் திகதி வெளியான வர்த்தமானி மூலம் இரசாயன உரங்களினதும் கிருமிநாசினிகளினதும் இறக்குமதி தடை செய்யப்பட்டது. நாடே சேதன விவசாயத்துக்கு மாறுகிறது என்று அரசு உலகுக்கு அறிவித்தது. ஆனால் அந்த மாதங்களில் பறித்த கொழுந்தைச் "சேதனத் தேயிலை" என்று ஐரோப்பாவில் விற்க வழியிருக்கவில்லை. தேயிலை போன்ற பல்லாண்டுப் பயிருக்கு, சேதனப் பெயருடன் விற்கும் முதல் அறுவடைக்கு முன் குறைந்தது 3 ஆண்டுகள் அந்த முறையிலேயே பயிரிட்டிருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. இடையில் பரிசோதனையும் பதிவேடும் வேண்டும்.

உரம் கிடைக்கவில்லை என்பது வேறு. சேதன முறையில் பயிர் செய்தோம் என்பது வேறு. விளைச்சல் சரிந்த பின்னர், அதே ஆண்டு நவம்பரில் அரசு பின்வாங்கியது. அறிவிப்பு மட்டும் ஒரு பொருளின் தன்மையை மாற்றிவிடாது என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் தேவையில்லை.

நேர்மையான கூற்று எப்படியிருக்கும்?

நல்ல உதாரணமும் இதே தொழிலில் இருக்கிறது. தேயிலை வேர்களைத் தாக்கும் நூற்புழுக்களை ஒழிக்க முன்னர் மெதைல் புரோமைட் பயன்படுத்தப்பட்டது. இது ஓசோன் படலத்தைச் சிதைக்கும் வாயு. 1987ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கையின் கீழ், வளர்முக நாடுகள் இதைக் கைவிட 2015 வரை காலம் இருந்தது. இலங்கையின் தேயிலைத் தொழில் அதற்கு முன்பே மாற்று வழிகளுக்குச் சென்றது. இதன் அடிப்படையில் 2011இல் "ஓசோனுக்கு உகந்த தூய இலங்கைத் தேயிலை" என்ற இலச்சினை அறிமுகமானது.

இந்தக் கூற்று சொல்வது ஒரே ஒரு விடயம்: ஓசோனைப் பாதிக்கும் பொருள் பயன்படுத்தப்படவில்லை. அதைச் சரிபார்க்கலாம். அதேவேளை, தேயிலை சேதன முறையில் விளைந்தது என்றோ, களைநாசினி தெளிக்கப்படவில்லை என்றோ, பறித்தவருக்கு நியாயமான சம்பளம் கிடைத்தது என்றோ அது சொல்லவில்லை. விற்பவரும் அப்படிச் சொல்லக்கூடாது. வாங்குபவரும் அப்படி விளங்கிக்கொள்ளக் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, பாவனையாளரைத் தவறாக வழிநடத்தும் அல்லது ஏமாற்றும் நடத்தையைத் தடை செய்கிறது. 31ஆம் பிரிவு பொய்யான கூற்றுகளைத் தடை செய்கிறது. சுற்றாடல் பற்றிய விளம்பரமும் இவற்றுக்குள் அடங்கும்.

வெளிச் சந்தைகள் இன்னும் இறுக்கமாகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024ஆம் ஆண்டுப் பணிப்புரை, ஆதாரமற்ற "சுற்றாடலுக்கு உகந்தது" போன்ற பொதுச் சொற்களையும், கம்பனிகள் தாமே வரைந்துகொள்ளும் பசுமை இலச்சினைகளையும் தடை செய்கிறது. வேறிடத்தில் மரம் நட்டதைக் காட்டி ஒரு பொருளைக் "காபன் நடுநிலை" என்று விற்பதற்கும் தடை. 2026 செப்டெம்பர் 27 முதல் இது பொருந்தும். பிரித்தானியாவில், 2025 ஏப்ரல் முதல், பாவனையாளரை ஏமாற்றும் நிறுவனங்களுக்கு அவற்றின் உலகளாவிய வருமானத்தில் 10 வீதம் வரை போட்டி மற்றும் சந்தைகள் அதிகார சபையே தண்டம் விதிக்கலாம். இந்தியாவும் 2024 ஒக்டோபரில் இதற்கென வழிகாட்டல்களை வெளியிட்டது.

எழுதும் முன் நான்கு கேள்விகள்

ஒன்று, எதைப் பற்றிச் சொல்கிறோம்? உள்ளிருக்கும் தேயிலையா, வெளிப் பெட்டியா? மீள்சுழற்சி செய்யக்கூடியது பெட்டி மட்டும் என்றால் "பெட்டி" என்றே எழுத வேண்டும்.

இரண்டு, எவ்வளவு? கலவையில் ஒரு பங்கு மட்டுமே சான்றிதழ் பெற்றதென்றால் அந்த வீதத்தைக் குறிப்பிட வேண்டும்.

மூன்று, ஆதாரம் எங்கே? பற்றுச்சீட்டு, தெளித்த நாட்குறிப்பு, பரிசோதனை அறிக்கை கையிலிருக்க வேண்டும்.

நான்கு, சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகிறதா?

இது பெரிய கம்பனிகளுக்கு மட்டுமான பாடமல்ல. போருக்குப் பின்னர் வன்னியிலும் கிழக்கிலும் முருங்கையிலைத் தூள், பனங்கருப்பட்டி, மிளகாய்த்தூள் செய்து பிழைக்கும் பெண்கள் பலர் சான்றிதழ் எடுக்கும் நிலையில் இல்லை. அவர்கள் "சேதன" என்று எழுதத் தேவையுமில்லை. "எங்கள் வளவில் விளைந்தது, இரசாயன உரம் இடவில்லை, வெயிலில் உலர்த்தியது" என்பது உண்மையானால், அதை அப்படியே எழுதலாம். கேட்பவருக்குக் காட்ட ஒரு கொப்பியில் திகதியுடன் குறித்து வைத்தால் போதும்.

பொய்யான சொல்லைக் கண்டால் பொதியைப் படம் பிடித்து, பற்றுச்சீட்டுடன் வைத்துக்கொள்ளுங்கள். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம்.