தளம் திறக்கிறது, சட்டம் திறக்கவில்லை

பணமும் சட்டமும் - தொடர்

பெரம்பலூர் மாவட்டத்தில் சின்ன வெங்காயம் போடுகிறவர்கள், அறுவடை நேரத்தில் விலை இறங்கிக் கிடந்தால் சரக்கை உடனே தள்ளிவிட மாட்டார்கள். பட்டறை போட்டு இருப்பு வைப்பார்கள். அடியில் காற்றோட்டம் வேண்டும், மேலே கீற்று வேண்டும். ஈரம் பட்டால் அழுகல் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பரவிவிடும். விலை ஏறும் என்ற கணிப்புதான் அந்தப் பட்டறை. கணிப்பு பொய்த்தாலும் கையில் வெங்காயமாவது இருக்கும். மக்காச்சோளத்துக்கு இன்னொரு வழியும் உண்டு. பங்குச் சந்தை ஒழுங்காணையமான செபியின் மேற்பார்வையில் இயங்கும் என்.சி.டி.இ.எக்ஸ். சரக்குச் சந்தையில் அதற்கு முன்பேர வணிகம் நடக்கிறது. விலை வீழ்ச்சிக்கு எதிராகப் பாதுகாப்புத் தேட விரும்புகிறவருக்கு அது சட்டப்படியான வழி.

இந்த வாரம் பேசப்போவது வேறு வகைக் கணிப்பு. பெரம்பலூர், அரியலூர் பக்கத்து இளைஞர்கள் பலரின் கைப்பேசிக்குள் அது நுழைந்துகொண்டிருக்கிறது. அவர்கள் கேட்கும் கேள்வி எளிமையானது: "சார், பாலிமார்க்கெட் மாதிரி தளத்தில் கிரிப்டோ வைத்துக் கணிப்பது நம்ம ஊரில் சட்டப்படி சரியா? தளம் திறக்குதே?"

முதலில் அது எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். "இன்ன கட்சி ஆட்சியைப் பிடிக்குமா?" என்று ஒரு கேள்வி. 'ஆம்' என்றும் 'இல்லை' என்றும் இரண்டு பங்குகள். 'ஆம்' 60 சென்டுக்கு விற்றால், நடப்பதற்கு 60 சதவீத வாய்ப்பு இருப்பதாகச் சந்தை நினைக்கிறது என்று அர்த்தம். நடந்துவிட்டால் பங்கு ஒன்றுக்கு ஒரு டாலர் வரும், நடக்காவிட்டால் ஒன்றும் வராது. ஷேன் கோப்ளன் 2020-இல் நியூயார்க்கில் தொடங்கிய பாலிமார்க்கெட்டில் இந்தப் பணம் யு.எஸ்.டி.சி. என்ற டாலர் மதிப்பிலான கிரிப்டோவாகப் புழங்குகிறது. அந்தத் தளம் ஓடிய பாலிகான் என்ற கிரிப்டோ வலைப்பின்னலைத் தொடங்கியவர்களில் இந்தியர்கள் உண்டு. அதனால் பலருக்கு இது நம்ம வீட்டுச் சமாச்சாரம் போலத் தோன்றிவிடுகிறது.

அடுத்து, தளம் எந்தெந்த நாட்டினரை விலக்குகிறது என்ற தடைப்பட்டியல். 2022 ஜனவரியில் அமெரிக்காவின் முன்பேர வணிக ஆணையமான சி.எஃப்.டி.சி., பதிவில்லாமல் வணிகம் நடத்தியதற்காக பாலிமார்க்கெட்டுக்கு 14 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. அமெரிக்கர்களைத் தளத்திலிருந்து விலக்க வேண்டியதாயிற்று. 2024 நவம்பரில் பிரான்ஸின் சூதாட்ட ஒழுங்காணையம் விசாரணையில் இறங்கியதும் பிரெஞ்சுக்காரர்கள் விலக்கப்பட்டார்கள். 2025 ஜனவரியில் சிங்கப்பூர் அரசு தளத்தையே முடக்கியது. ஆக, தளம் வைத்திருக்கும் தடைப்பட்டியல் எந்த நாட்டு அதிகாரி எப்போது கதவைத் தட்டினார் என்பதன் பதிவு. உங்கள் ஊர் அதில் இல்லை என்பது உங்களுக்குக் கிடைத்த அனுமதி ஆகாது. 'என் நாடு பட்டியலில் இருக்கிறதா' என்று தேடுவதை விட்டு, 'என் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது' என்று பார்க்க வேண்டும்.

நம் சட்டம் சொல்வது இது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 30-ஆம் பிரிவு: பந்தய ஒப்பந்தம் செல்லாது, ஜெயித்த பணத்தைக் கேட்டு வழக்குப் போட முடியாது. குதிரைப் பந்தயப் பரிசுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு. 2025 ஏப்ரல் 29 அன்று செபி, இப்படிக் கணிப்பில் பணம் வைக்கும் 'கருத்து வணிக'த் தளங்கள் தன் கட்டுப்பாட்டுக்குள் வராதவை என்றும், அங்கே முதலீட்டாளர் பாதுகாப்பு எதுவும் கிடைக்காது என்றும் எச்சரித்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 22-இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற ஆன்லைன் விளையாட்டு ஊக்குவிப்பு, ஒழுங்குமுறைச் சட்டம், பணம் வைத்து ஆடும் எல்லா ஆன்லைன் ஆட்டங்களையும் தடை செய்யும் சட்டம். திறமையா, அதிர்ஷ்டமா என்ற பழைய வாதத்துக்கே அதில் இடமில்லை. பணமாக மாறக்கூடிய டோக்கனும் பந்தயப் பொருள்தான். வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்குள் சேவை தருபவரும் தப்ப முடியாது. நடத்துபவருக்கு மூன்றாண்டு சிறை, ஒரு கோடி ரூபாய் அபராதம் வரை போகலாம். மசோதா நிறைவேறிய கையோடு, இந்தியாவின் பெரிய கருத்து வணிகச் செயலியான ப்ரோபோ பண ஆட்டத்தை நிறுத்திக்கொண்டது.

அந்த மத்தியச் சட்டம் ஆடுபவரைத் தண்டிக்கவில்லை. இதைப் பிடித்துக்கொண்டு, "மாட்டுவது கம்பெனிக்காரன்தான், நமக்கென்ன" என்று சமூக ஊடகங்களில் வகுப்பெடுப்பவர்கள் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் உட்கார்ந்து அதை நம்புவது ஆபத்து. நம் மாநிலத்துக்கென்று தனிச் சட்டம் இருக்கிறது. நீதிபதி கே.சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பிறகு வந்த 2022-ஆம் ஆண்டுச் சட்டம் அது. ஆளுநர் திருப்பியனுப்பி, பேரவை 2023 மார்ச்சில் மீண்டும் நிறைவேற்றி, ஏப்ரலில் ஒப்புதல் பெற்ற அந்தச் சட்டம், இணையவழிப் பந்தயத்தையும் சூதாட்டமாகவே வரையறுக்கிறது. ஆடியவருக்கே மூன்று மாதம் வரை சிறை, அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மி, போக்கர் இரண்டையும் அந்தச் சட்டத்தின் தடைப்பட்டியலிலிருந்து எடுத்துவிட்டதே தவிர, சட்டத்தை ரத்து செய்யவில்லை.

சிங்கப்பூருக்கு வேலைக்குப் போயிருக்கும் நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இன்னும் கடுமை. உரிமமில்லாத தளத்தில் பந்தயம் கட்டினால் பத்தாயிரம் வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. வேலை அனுமதிச் சீட்டை நம்பி ஊரில் ஒரு குடும்பமே இருக்கும்போது, தடையை வி.பி.என். போட்டுத் தாண்டுவது விளையாட்டல்ல. வி.பி.என். இடத்தை மறைக்கும், குற்றத்தை மறைக்காது. தடை உள்ள இடத்திலிருந்து வந்தது தெரிந்தால் கணக்கை மூடும் உரிமையைத் தளங்கள் தங்கள் விதிகளிலேயே எழுதி வைத்துக்கொள்கின்றன.

எனக்கு அதிகக் கவலை தருவது சிறைத் தண்டனை அல்ல, பணம் போய்ச்சேரும் பாதை. ரூபாயை யு.எஸ்.டி.சி.யாகவோ அதைப் போன்ற இன்னொரு டாலர் கிரிப்டோவான யு.எஸ்.டி.டி.யாகவோ மாற்ற, பலர் ஆளுக்கு ஆள் நேரடியாக வாங்கி விற்கும் பி2பி முறையைத்தான் பிடிக்கிறார்கள். வாங்கும்போது முகம் தெரியாத ஒருவருக்கு யு.பி.ஐ.யில் பணம் போகிறது. ஜெயித்ததை ரூபாயாக மாற்றும்போது முகம் தெரியாத இன்னொருவரிடமிருந்து பணம் வருகிறது. அந்த இன்னொருவர் அனுப்பியது வேறு எங்கோ ஒரு முதியவரை ஏமாற்றிப் பறித்த பணமாக இருக்கலாம். அந்த முதியவர் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைத்துப் புகார் சொன்னதும் பணம் எந்தெந்தக் கணக்கு வழியாகப் போனது என்று தேடுவார்கள். வேறு மாநிலத்துச் சைபர் போலீஸின் கடிதம் வங்கிக்கு வரும். அரியலூரில் இருக்கும் பையனின் சம்பளக் கணக்கில் 'லியன்', அதாவது பணத்தை எடுக்க முடியாத முடக்கம், விழும். வீட்டு வாடகையும் தவணையும் நின்றுபோகும். வங்கி மேலாளரிடம் போனால், போலீஸிடமிருந்து கடிதம் வாங்கி வாருங்கள் என்பார். பணம் எப்படி வந்தது என்று போலீஸ் கேட்கும். பந்தயத்தில் வந்தது என்று தமிழ்நாட்டில் இருந்துகொண்டு எழுதிக் கொடுக்க முடியுமா?

கிரிப்டோ வைத்திருப்பதே குற்றம் என்று இதைப் புரிந்துகொள்ளக் கூடாது. கிரிப்டோ வணிகத்துக்குச் சேவை தரக் கூடாது என்று வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி போட்ட தடையை உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் நீக்கிவிட்டது. 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி இருக்கிறது, ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோவும் ஒரு சொத்துதான் என்று சொல்லி, வாஸிர்எக்ஸ் என்ற கிரிப்டோ தளத்தில் பணம் சிக்கிக்கொண்ட சென்னை முதலீட்டாளர் ஒருவருக்கு இடைக்காலப் பாதுகாப்புக் கொடுத்தார். சொத்தாக இருக்கும்வரை நீதிமன்றம் கை கொடுக்கும். அதையே பந்தயத்தில் வைத்துவிட்டால் 30-ஆம் பிரிவு குறுக்கே நிற்கும்.

தளத்துக்குள்ளே தகராறு வந்தாலும் இதே கதிதான். பாலிமார்க்கெட்டில் தகராறாகும் கேள்விகளுக்கு யு.எம்.ஏ. என்ற டோக்கன் வைத்திருப்பவர்கள் வாக்களித்துத் தீர்ப்புச் சொல்கிறார்கள். அதிக டோக்கன் வைத்திருப்பவருக்கு அதிக வாக்கு. 2025 மார்ச்சில் அமெரிக்கா-உக்ரைன் கனிம ஒப்பந்தம் பற்றிய கேள்வி, ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே 'ஆம்' என்று முடிக்கப்பட்டது. தீர்ப்பு தன் விளக்கத்துக்கு மாறாக வந்தது என்று தளமே சொன்னது, ஆனால் பணத்தைத் திருப்பித் தரவில்லை. பெரம்பலூர்க்காரர் இதற்கு எந்தக் கோர்ட்டில் போய் நிற்பார்?

ஏற்கெனவே பணம் போட்டு வைத்திருப்பவர்கள் செய்ய வேண்டியவை சில உண்டு. மேற்கொண்டு பணம் போடாதீர்கள். பரிவர்த்தனை எண்கள், யு.பி.ஐ. பதிவுகள், எக்ஸ்சேஞ்ச் அறிக்கைகள் எல்லாவற்றையும் எடுத்துச் சேமித்துவிடுங்கள். கிரிப்டோ விற்ற கணக்கை வருமான வரிப் படிவத்தில் அதற்கென உள்ள அட்டவணையில் காட்டுங்கள். கணக்கு முடங்கியிருந்தால், எந்தக் காவல் நிலையம், எந்தப் புகார் எண் என்பதை வங்கியிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு, போலீஸுக்குப் பதில் எழுதும் முன் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். "முடங்கிய பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்பணம் அனுப்புங்கள்" என்று டெலிகிராமில் வருகிறவர்களுக்கு ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள்.

அடுத்த வாரம்: வங்கிக் கணக்கு முடக்கமும் அதை நீக்கும் சட்ட வழிகளும்.