புழுநோய் மருந்துகள்: நன்கொடையா, உரிமையா?

ஒரு மருந்து உருவாக நோய் இருந்தால் மட்டும் போதாது. அம்மருந்தை விலைகொடுத்து வாங்கக்கூடிய நோயாளியும் இருக்க வேண்டும். மருந்து ஆராய்ச்சித் துறையின் எழுதப்படாத சட்டம் இது. 1975 முதல் 1999 வரை சந்தைக்கு வந்த 1,393 புதிய மருந்துகளில், வெப்பமண்டல நோய்களுக்கும் காசநோய்க்கும் சேர்த்துக் கிடைத்தவை வெறும் 16.

ஆற்றுக்குருடு நோய் இதற்குத் தக்க சான்று. யானைக்கால் நோயை உண்டாக்கும் புழுக்களின் இனத்தைச் சேர்ந்த ஒரு புழுவே இதற்கும் காரணம். வேகமாக ஓடும் ஆறுகளில் பெருகும் கருப்பு ஈக்கள் இதைப் பரப்புகின்றன. பாதிக்கப்பட்டோரில் மிகப் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவின் ஏழைக் கிராம மக்கள். தாய்ப்புழு உடலுக்குள் பத்தாண்டுகளுக்கு மேல் உயிர்வாழும். அது ஈனும் நுண்புழுக்கள் கடும் அரிப்பையும், நாளடைவில் பார்வையிழப்பையும் உண்டாக்கும்.

இதற்கான முதன்மை மருந்து ஐவர்மெக்டின். ஜப்பானிய மண்ணிலிருந்து சதோஷி ஓமுரா பிரித்தெடுத்த நுண்ணுயிரியைக் கொண்டு, மெர்க் நிறுவனத்தில் வில்லியம் கேம்பெல் குழுவினர் இதனை உருவாக்கினர். ஆனால் 1981இல் அது விற்பனைக்கு வந்தது கால்நடைகளுக்காக. கால்நடைக்குச் சந்தை இருந்தது; ஆற்றோர மனிதருக்கு இல்லை. 1987இல்தான் மனிதப் பயன்பாட்டுக்கு ஒப்புதல் கிடைத்தது. அவ்வாண்டே, தேவைப்படும் காலம்வரை இலவசமாக வழங்குவதாக மெர்க் அறிவித்தது. அதன் பயன் பெரிது: 2025இல் நைஜர், இந்நோய்ப் பரவலை ஒழித்த முதல் ஆப்பிரிக்க நாடானது.

எனினும் ஐவர்மெக்டின் நுண்புழுக்களையே கொல்கிறது, தாய்ப்புழு பிழைத்துக்கொள்கிறது. ஆகவே ஊர் முழுவதும் ஆண்டுதோறும், பல ஆண்டுகள் மருந்துண்ண வேண்டியுள்ளது. உடலில் ஆப்பிரிக்கக் கண்புழு மிகுந்திருப்போருக்கு இம்மருந்தே ஆபத்தாகலாம். தாய்ப்புழுவை விரைவாகவும் பாதுகாப்பாகவும் கொல்லும் மருந்தே இன்றைய தேவை.

2018இல் அமெரிக்க ஒப்புதல் பெற்ற மாக்சிடெக்டினும் கால்நடை மருந்தாகப் பிறந்ததுதான். நுண்புழுக்களை நெடுநாள் கட்டுப்படுத்தினாலும் அதுவும் தாய்ப்புழுவைக் கொல்வதில்லை. அதை மனிதருக்குக் கொண்டுவந்தது ஆஸ்திரேலியாவின் இலாப நோக்கற்ற அமைப்பு ஒன்று. இதற்கு வெகுமதியாகக் கிடைத்தது, வேறொரு மருந்தை விரைவாகப் பரிசீலிக்கச் செய்யும் சீட்டு. 2007ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டப்படி அதைப் பெருநிறுவனங்களுக்கு விற்கலாம். அதாவது, ஏழையின் மருந்துக்கும் பணக்காரச் சந்தையின் அவசரமே விலை தர வேண்டியிருக்கிறது.

காப்புரிமை என்பது விற்பனைத் தனியுரிமை. வாங்கும் வலுவற்றோரின் நோய்க்கு அது எந்த ஊக்கமும் தராது. நன்கொடை உயிர்காக்கும், ஆனால் அது கொடுப்பவரின் விருப்பம், நீதிமன்றத்தில் கோர இயலாது. 1966ஆம் ஆண்டின் பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையோ, உடல்நலத்தை 12ஆம் பிரிவிலும், அறிவியல் முன்னேற்றத்தின் பயனைத் துய்ப்பதை 15ஆம் பிரிவிலும் உரிமைகளாக அறிவிக்கிறது. 1979இல் இந்தியாவும் அதை ஏற்றது.

அரசுகள் பொதுநிதியில் ஆராய்ச்சி நடத்த வேண்டும். அதன் விளைவுகள் பொதுவுடைமையாக வேண்டும். எந்த நோய்க்கு மருந்து தேடுவது என்பதைச் சந்தை மட்டுமே தீர்மானிக்கும் வரை, மாட்டுக்குக் கிடைத்த பின்னரே மனிதனுக்கு மருந்து என்னும் வரிசை மாறாது.