பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே

மாடியில் சோலார் பேனல், படிக்கட்டுக்கு அடியில் டியூபுலர் பேட்டரி. இரண்டுக்கும் நடுவே சுவரில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதுதான் சார்ஜ் கன்ட்ரோலர். பேனல் வாங்கப் பத்துக் கடை ஏறி இறங்குகிறவர்கள்கூட, இதை மட்டும் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தபடியே வாங்கி வந்துவிடுகிறார்கள்.

12 வோல்ட் பேட்டரிக்கென்று விற்கும் பேனலில் பெரும்பாலும் 36 செல்கள் இருக்கும். நல்ல வெயிலில், எதனோடும் இணைக்காதபோது மீட்டர் வைத்துப் பார்த்தால் 21, 22 வோல்ட் காட்டும். பேட்டரியோ 14.4 வோல்ட் வாக்கிலேயே குமிழியிடத் தொடங்கிவிடும்; உள்ளிருக்கும் தண்ணீர் ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமாகப் பிரிகிறது. நேரே மாட்டிவிட்டால் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி மாளாது. தட்டுகளும் சீக்கிரம் அரித்துப்போகும்.

கன்ட்ரோலர் முதலில் வருவதையெல்லாம் உள்ளே விடும். 14.4-ஐ எட்டியதும் அங்கேயே பிடித்துவைக்கும்; பேட்டரி இழுக்கும் கரண்ட் தானாகக் குறைந்துகொண்டே வரும். நிரம்பியபின் 13.6 வாக்கில் இறக்கிவிடும். இரவில் மின்சாரம் பேனலுக்குத் திரும்பி ஓடாமல் தடுப்பதும் இதன் பொறுப்பே.

விலை குறைந்த பி.டபிள்யூ.எம். வகை, சாரத்தில் ஒரு மின்னணு சுவிட்ச். நிரம்பும் கட்டத்தில் படுவேகமாக இணைத்தும் துண்டித்தும் அளவைக் கட்டுப்படுத்துகிறது. இணைந்திருக்கும் நேரத்தில் பேனலும் பேட்டரியின் வோல்ட்டேஜுக்கே இறங்கிவிடும். வம்பே இங்குதான். 72 செல் கொண்ட 330 வாட் பேனல் சுமார் 37 வோல்ட்டில் 9 ஆம்பியர் தரக்கூடியது. அதை இந்த வகையோடு 12 வோல்ட் பேட்டரிக்கு இணைத்தால் 13 வோல்ட், அதே 9 ஆம்பியர். காசு கொடுத்தது 330 வாட்டுக்கு. கிடைப்பது 120-ஐத் தொடாது. பேனல் மட்டம் என்று திட்டுகிறோம், பாவம் அது.

எம்.பி.பி.டி. வகை வோல்ட்டேஜைச் சற்று ஏற்றிப் பார்க்கும், இறக்கிப் பார்க்கும்; வாட் எங்கே அதிகமோ அங்கே நிற்கும். மேகம் மறைத்தால் மறுபடி தேடும். மிகுதி வோல்ட்டேஜைக் கரண்ட்டாக மாற்றித் தருவதால், அதே பேனலிலிருந்து பேட்டரிக்கு 23, 24 ஆம்பியர்வரை போகும். விலை அதிகம்தான். ஆனால் 36 செல் பேனல் ஒன்றே ஒன்று என்றால் இந்தச் செலவு வீண் என்பேன். சித்திரை வெயிலில் பேனல் 60 டிகிரியில் காயும்போது அதன் வோல்ட்டேஜே 15, 16-க்கு இறங்கிவிடும். அங்கே மிச்சம் பிடிக்கப் பெரிதாக எதுவும் இல்லை.

மாட்டும்போது முதலில் பேட்டரி வயர், பிறகுதான் பேனல். கழற்றும்போது முதலில் பேனல். பேட்டரியைப் பார்த்துத்தான் பல கன்ட்ரோலர்கள் இது 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்று முடிவு செய்கின்றன.