காலாப்பட்டில் விளக்கு வைக்கும் நேரம்

ஐந்தரை மணி ஆனதும் அம்மா அரிக்கேன் விளக்கை எடுத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். கண்ணாடிக் கூண்டைக் கழற்றி, உள்ளே வாய் வைத்து ஊதி, ஆவி படிந்த ஈரம் காயும் முன்னே துணியைச் சுருட்டி விட்டுத் துடைப்பார். கரி அதிகமாகப் பிடித்திருந்தால் துணியில் கொஞ்சம் விபூதி. பிறகு திரியின் கருகிய நுனியைக் கத்தரிக்கோலால் நேராக நறுக்குவார். ஒரு முனை தூக்கிக்கொண்டு நின்றால் அந்தப் பக்கத்துக் கண்ணாடி கறுத்துப்போகும். எங்கள் வீட்டில் கரண்ட் இல்லாமல் இல்லை. நடுக்கூடத்தில் ஒரே ஒரு அறுபது வாட் குண்டு பல்பு தொங்கியது. அடுப்படிக்கும் கொல்லைக்கும் அரிக்கேன்தான்.

1980களின் தொடக்கம் அது. புதுச்சேரியின் கிராமங்களுக்கெல்லாம் மின்சாரம் கொடுத்தாகிவிட்டது என்று 1970களிலேயே அரசுக் கணக்கு முடிந்திருந்தது. கிராமத்துக்குக் கம்பம் வருவது ஒன்று, வீட்டுக்குள் விளக்கு எரிவது வேறொன்று. ஏழை வீடுகளுக்கு ஒற்றை விளக்கு இணைப்பு கிடைத்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், வலை பின்னுகிறவர், அரிசி புடைக்கிறவர் எல்லாருக்கும் அந்த ஒரு பல்பின் கீழேதான் இடம்.

காலாப்பட்டு ஒரு தனித்த துண்டு நிலம். புதுச்சேரி நகரத்திலிருந்து வடக்கே போனால் கோட்டக்குப்பத்தில் தமிழ்நாடு வந்துவிடும். பொம்மையார்பாளையம் தாண்டி, பிள்ளைச்சாவடி அருகே மறுபடியும் புதுச்சேரி. கிழக்கே கடல், மற்ற மூன்று பக்கமும் விழுப்புரம் மாவட்டம். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன எல்லைக்கோடு 1954 நவம்பர் 1-க்குப் பிறகும் அப்படியே நிற்கிறது. எங்களுக்கு வரும் மின்சாரமும் அந்தக் கோட்டை எங்கோ தாண்டித்தான் வரவேண்டும்.

மின்சாரத்தை மட்டும் வைத்து அந்தக் காலத்து ஊரைப் பேசினால் பாதிதான் சொன்னதாகும். ஊரின் உண்மையான எரிபொருள் சவுக்கு. செம்மண் மேட்டில் முந்திரி, மணலில் சவுக்கு, இடையிடையே பனை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயில் இன்ஜின்களுக்கு விறகு வேண்டுமென்று சோழமண்டலக் கரை நெடுகச் சவுக்கை நட்டுப் பெருக்கினார்கள். ரயில் நிலக்கரிக்கு மாறிய பிறகு மரம் எங்கள் அடுப்புக்கு வந்து சேர்ந்தது. பள்ளி விட்டதும் சாக்கை எடுத்துக்கொண்டு சவுக்குச் சருகு வாரப் போவோம். ஊசி ஊசியாக உதிர்ந்து கிடக்கும் அந்தச் சருகு ஒரு குச்சி உரசலுக்குக் குப்பென்று பிடிக்கும். அம்மாவின் கண்களைப் புகை என்ன செய்தது என்பதையும் நான் மறக்கவில்லை. மரம் வெட்டினால் மறுபடி நட்டார்கள். அந்தக் கணக்கில் எங்கள் அடுப்பு புதுப்பிக்கத்தக்க எரிசக்தியில்தான் எரிந்தது. அதன் விலையைப் பெண்களின் மூச்சு கொடுத்தது.

கடலிலும் அப்படித்தான். விடிவதற்கு முன்னால் நிலம் குளிர்ந்து, காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசும். அந்தக் காற்றில் பாய் விரித்துக் கட்டுமரங்கள் உள்ளே போகும். வெயில் ஏறி மணல் சுட்டதும் காற்று திரும்பும். அதே பாய் கட்டுமரத்தைக் கரைக்குக் கொண்டுவரும். வாடை எப்போது வலுக்கும், கொண்டல் எப்போது ஏமாற்றும் என்பது பெரிய காலாப்பட்டுக் கிழவர்களுக்குத் தோலிலேயே தெரியும். பிறகு இன்ஜின் வந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமி கட்டுமரங்களை உடைத்துப் போட்டபோது நிவாரணமாக வந்தவை பெரும்பாலும் பைபர் படகுகள். அவற்றோடு டீசல் செலவும் வந்தது. இன்ஜினால் தூரம் போக முடிகிறது, சீக்கிரம் திரும்பி மீனை விலைக்குப் போட முடிகிறது. அதைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் காசு கேட்காத காற்று இன்றும் அதிகாலை நான்கு மணிக்கு அப்படியே வீசுகிறது, அதைப் பிடிக்கப் பாய்தான் இல்லை.

1985-இல் பல்கலைக்கழகம் வந்தது. சுமார் 800 ஏக்கர். அதே காலத்தில் பொறியியல் கல்லூரி. பிற்பாடு கிழக்குக் கடற்கரைச் சாலை, சட்டக் கல்லூரி, மத்தியச் சிறை, மருத்துவக் கல்லூரி. முந்திரித் தோப்புகளுக்கு நடுவே விடுதிகள் எழும்பின. மின்தேவை அரிக்கேனிலிருந்து ஏ.சி.க்கு ஒரே தலைமுறையில் தாவியது.

இவ்வளவு மின்சாரமும் எங்கிருந்து வருகிறது? புதுச்சேரி அரசுக்கென்று உள்ள மின்நிலையம் ஒன்றே ஒன்று. காரைக்கால் பக்கம் திருமலைராயன்பட்டினத்தில், நரிமணம் எரிவாயுவில் ஓடும் 32.5 மெகாவாட் நிலையம். 2000-ஆம் ஆண்டிலிருந்து ஓடுகிறது. மற்றதெல்லாம் மத்திய நிலையங்களின் பங்கு: நெய்வேலி, ராமகுண்டம், கல்பாக்கம், கூடங்குளம் என்று பட்டியல் நீளும். இந்தப் பங்கினால் எங்களுக்கு ஒரு நல்லதும் நடந்தது. 2012-இல் தமிழ்நாட்டில் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது எங்கள் பக்கம் அந்த அளவுக்குத் துன்பம் இல்லை. ராத்திரி சாலையில் வரும்போது எல்லைப் பலகையைத் தேட வேண்டியதில்லை, வெளிச்சம் தொடங்குகிற இடம்தான் எல்லை. பொம்மையார்பாளையத்தில் என்னோடு படித்தவன் வீட்டில் குழந்தைக்கு விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நான் பத்து நிமிடத்தில் மின்விசிறிக்குக் கீழே படுத்துவிடுவேன். அந்த நாட்களில் எனக்குக் கூச்சமாகவே இருந்தது.

இனி சொல்லப்போவதுதான் இந்தக் கட்டுரையை எழுதவே என்னைத் தூண்டியது. எரிசக்தி மாற்றம் என்றதும் எல்லாரும் சூரியத் தகட்டைக் காட்டுகிறார்கள். எங்கள் ஊரில் மாற்றம் முதலில் பல்பு வடிவில் வந்தது. 2014-இன் தொடக்கத்தில், நாட்டிலேயே முதலாவதாகப் புதுச்சேரியில், வீடுகளுக்கு எல்.இ.டி. பல்பு கொடுக்கும் திட்டம் தொடங்கியது. எனர்ஜி எபிஷியன்சி சர்வீசஸ் என்ற மத்தியப் பொதுத்துறைக் கூட்டு நிறுவனம் மொத்தமாக வாங்கிக் கொடுத்தது. பழைய குண்டு பல்பைக் கொடுத்துவிட்டு, பல்பு ஒன்றுக்குப் பத்து ரூபாய் கட்டினால், ஏழு வாட் எல்.இ.டி. ஒரு வீட்டுக்கு மூன்று. மீதி விலையை, மிச்சமாகும் மின்சாரச் செலவிலிருந்து மின்துறை அந்த நிறுவனத்துக்கு ஆண்டாண்டாகத் திருப்பிக் கொடுக்கும். அப்போது அந்த நிறுவனம் ஒரு பல்பை வாங்கிய விலை சுமார் 310 ரூபாய். நாடு முழுக்க உஜாலா திட்டமாக 2015 ஜனவரியில் இது விரிந்து, கொள்முதல் கோடிக்கணக்கில் பெருகியதும், சில ஆண்டுகளில் விலை நாற்பது ரூபாய்க்கும் கீழே வந்தது.

வரிசையில் நானும் நின்றேன். பையில் மூன்று குண்டு பல்பு. அதில் ஒன்று ப்யூஸ் போனது, வாங்க மாட்டார்களோ என்று பயம். எனக்கு முன்னால் நின்ற பாட்டி தன் பல்பை முந்தானையில் முட்டை மாதிரிப் பொதிந்து வைத்திருந்தார். புதியதைக் கையில் கொடுத்ததும் தூக்கிப் பார்த்து, “இவ்ளோ கனமா இருக்கு, கரண்டு நெறைய இழுக்குமா தம்பி?” என்று கேட்டார். ஏழு வாட் என்று சொன்னபோது அவர் நம்பவில்லை. ஒரு மாதம் கழித்து பில்லைப் பார்த்து நம்பியிருப்பார்.

புதுச்சேரி முழுவதும் ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட பல்புகள் இப்படிப் போயின. அறுபது வாட் இருந்த இடத்தில் ஏழு வாட் என்றால் மிச்சம் 53 வாட். ஆறு லட்சத்தால் பெருக்கினாலே கிட்டத்தட்ட 32 மெகாவாட். அதாவது காரைக்கால் மின்நிலையத்தின் மொத்தத் திறனுக்கு ஏறக்குறைய சமம். எல்லாப் பல்பும் ஒரே நேரத்தில் எரியாது, எல்லா வீட்டிலும் அறுபது வாட்தான் இருந்தது என்றும் சொல்ல முடியாது. பாதி என்றே வைத்துக்கொள்ளுங்கள், பதினாறு மெகாவாட். நிலம் எடுக்கவில்லை, புகை இல்லை, கம்பி இழுக்கவில்லை. அதைவிட முக்கியம், இந்த மிச்சம் கிடைத்தது சரியாக விளக்கு வைக்கும் நேரத்தில். மின்துறைக்கு ஒவ்வொரு நாளும் மூச்சுத் திணறுவது அந்த ஏழு மணிக்குத்தான். ஓட்டு வீட்டுக்காரருக்கும் மாடி வீட்டுக்காரருக்கும் அதே மூன்று பல்பு. இவ்வளவு நியாயமாக ஒரு எரிசக்தித் திட்டம் எங்கள் தெருவுக்குள் வந்ததை நான் வேறு பார்த்ததில்லை.

தகடுகள் பிறகு வந்தன. பல்கலைக்கழகக் கட்டடங்களின் மேல் அமைத்த 2.4 மெகாவாட் சூரிய மின்நிலையத்தை 2021 செப்டம்பர் 13 அன்று அப்போதைய குடியரசுத் துணைத்தலைவர் வெங்கையா நாயுடு தொடங்கிவைத்தார். நம் வெயிலுக்கு ஒரு கிலோவாட் தகடு நாளுக்கு நான்கு யூனிட் தரும். அந்தக் கணக்கில் பல்கலைக்கழகத்துக்கு நல்ல வெயில் நாளில் ஒன்பதாயிரம் யூனிட்டுக்கு மேல் கிடைக்கும். ஆய்வகங்களும் நூலகமும் பகலில்தான் இயங்குகின்றன. ஆக அங்கே வெயிலும் வேலையும் ஒத்துப்போகின்றன. அதே வளாகத்தில், தெற்காசியா பவுண்டேஷனை நிறுவிய மதன்ஜீத் சிங் பெயரில் பசுமை ஆற்றல் தொழில்நுட்பத்துக்கென்றே ஒரு பள்ளி இருக்கிறது. தெற்காசிய நாடுகளிலிருந்து உதவித்தொகையில் வந்து எம்.டெக். படிக்கிறார்கள். முந்திரிக்காய் பொறுக்கித் திரிந்த காட்டில் இப்படியொரு படிப்பு நடக்கிறது என்பதில் எனக்கு உண்மையான பெருமை.

2024 பிப்ரவரியில் பிரதமரின் சூர்ய கர் திட்டம் வந்ததும் நானும் மூன்று கிலோவாட் போட்டேன். மானியம் 78,000 ரூபாய். முந்நூறு சதுர அடி மொட்டைமாடி போயிற்று. தகடு பொருத்த வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள், ஒன்றைத் தவிர. அதை அந்த ஆண்டு நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் சொல்லிக்கொடுத்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. மின்சாரம் நின்றுபோனது. மழை விட்டு வெளிச்சம் வந்தபோது தகடு இருக்கிறதே என்று தைரியமாக சுவிட்சைப் போட்டேன். ஒன்றும் எரியவில்லை. பேட்டரி இல்லாமல் மின்கம்பியோடு இணைத்த தகடு, கம்பியில் மின்சாரம் போனதும் தானே நின்றுவிடும். அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். இல்லையென்றால் என் மாடியிலிருந்து போகும் மின்சாரம், கம்பத்தில் ஏறி வேலை செய்யும் லைன்மேனைக் கொன்றுவிடும். 2011 டிசம்பர் 30 தானே புயலில் கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து கிடந்ததும், அந்த ஊழியர்கள் சோறு தண்ணீர் பார்க்காமல் அவற்றை நிமிர்த்தியதும் நினைவுக்கு வந்தது. தகடு நின்றது சரிதான் என்று பட்டது. பரணிலிருந்து அரிக்கேனை இறக்கினோம்.

அந்த ஊழியர்கள்தான் 2022 செப்டம்பர் இறுதியில் மின்துறையைத் தனியாருக்கு விற்கும் டெண்டரை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள். யூனியன் பிரதேசங்களின் மின்விநியோகத்தைத் தனியாருக்குக் கொடுப்போம் என்று மத்திய அரசு 2020 மே மாதமே அறிவித்திருந்தது. ஊர் இருண்டது, மக்கள் தெருவுக்கு வந்தார்கள். என் கருத்தை மறைக்கவில்லை: பத்து ரூபாய் பல்பை ஒரு லாபக் கம்பெனி கொடுத்திருக்காது. குறைவாக விற்பதையே வேலையாக எடுத்துக்கொள்ள அரசுத் துறையால்தான் முடிந்தது.

இப்போது மீனவர் தெருக்களைப் பார்க்கிறேன். சுனாமிக்குப் பிறகு கட்டிய சின்னக் கான்கிரீட் வீடுகள். மாடியில் கருவாடு காய்கிறது, வலை காய்கிறது. அந்த இடத்தில் தகட்டை வைத்தால் கருவாடு எங்கே காயும்? மின் இணைப்பு இறந்துபோன அப்பா பெயரில் இருக்கும், அதை மாற்றாமல் மானியம் கிடையாது. மானியம் போக மீதி லட்சம் ரூபாயை யார் தருவது? பல்பு வந்த மாதிரி தகடு இந்தத் தெருவுக்கு வரவில்லை. கூட்டாக ஒரு பள்ளிக்கூட மாடியிலோ மீன் ஏலக்கூடத்து மேலேயோ தகடு வைத்து, அதில் வரும் யூனிட்டை எல்லார் பில்லிலும் கழிக்கலாம். அதற்கான ஆள் பலமும் படிப்பும் இதே ஊரில், சாலைக்கு அந்தப் பக்கம், பல்கலைக்கழக வாசலுக்குள்ளேயே இருக்கிறது.

மாலை மங்கியதும் இன்னொரு கஷ்டமும் தெரியும். என் தகடுகள் ஐந்து மணிக்கே தளர்ந்துவிடும். நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம், 1962-இல் தொடங்கியது, 2020-இல் ஓய்ந்துவிட்டது. ஆனால் அதற்குப் பின் வந்த நிலையங்கள் ஓடுகின்றன, ஏழு மணிக்கு என் வீட்டு மின்விசிறியைச் சுற்றுவது இன்னும் பழுப்பு நிலக்கரியும் அணுவும்தான். பகலில் நான் கொடுத்தேன், இரவில் வாங்கிக்கொண்டேன் என்று பில் நேராகிவிடுகிறது. நெய்வேலிச் சாம்பல் நேராவதில்லை.

கடலோரமாதலால் தகட்டில் உப்பு படியும். வெயில் தாழ்ந்த பிறகு வாரம் இரண்டு நாள் வாளியும் துணியுமாக மாடிக்குப் போகிறேன். சூடாக இருக்கும்போது தண்ணீர் ஊற்றினால் கண்ணாடி விரிசல் விடக்கூடும். துடைத்துவிட்டு இறங்கி மீட்டரைப் பார்ப்பேன். எக்ஸ்போர்ட் எண் அசையாமல் நிற்கும். இம்போர்ட் எண் நகரத் தொடங்கும். எண்பதைத் தாண்டிய அம்மா உள்ளேயிருந்து குரல் கொடுப்பார்:

“விளக்கு வெச்சாச்சா?”

அடுப்படி சுவிட்சைப் போடுகிறேன். 2014-இல் வரிசையில் நின்று வாங்கியதில் இரண்டு போய்விட்டன. மூன்றாவது இன்னும் எரிகிறது.