அளவில் இருக்கிறது மருந்து

ஐரோப்பாவின் ஈரமான புல்வெளிகளில், கோடை முடிந்து இலையுதிர்காலம் தொடங்கும்போது, ஓர் இலைகூட இல்லாமல் மண்ணிலிருந்து நேரே ஊதாப் பூக்கள் எழும். அந்தச் செடியின் பெயர் கோல்சிகம். இலையும் காயும் அடுத்த வசந்தத்தில்தான் வரும். பூ, இலை, விதை, கிழங்கு அனைத்திலும் நஞ்சு உண்டு. காய்ந்த வைக்கோலோடு கலந்தாலும் மாடுகளைக் கொல்லும். கவுட் என்னும் மூட்டுவாதத்தின் தாங்க முடியாத வலியைத் தணிக்கும் மருந்தும் இதே செடியிலிருந்துதான் வந்தது. 'மூலிகைதானே, என்ன செய்துவிடும்?' என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடையாது. பழைய மருத்துவர்கள் இதன் குணத்தைச் சரியாகவே கண்டார்கள். ஆனால் நம்பி விழுங்கத்தக்க மருந்தாக அது மாறியது, அதன் அளவைக் கண்டறிந்த பிறகுதான்.

முதலாம் நூற்றாண்டிலேயே கிரேக்க மருத்துவர் டயாஸ்கொரிடீஸ் இச்செடியை நஞ்சென்று எச்சரித்தார். ஆறாம் நூற்றாண்டில் டிராலஸ் ஊர் மருத்துவர் அலெக்சாண்டர், இந்த இனத்தைச் சேர்ந்ததாகக் கருதப்படும் ஒரு கிழங்கை மூட்டுவலிக்குக் கொடுத்தார். பின்னர் அச்சத்தால் ஐரோப்பா அதைப் பெரும்பாலும் ஒதுக்கி வைத்தது. 1763இல் வியன்னாவில் மருத்துவர் ஸ்டோர்க் அதை மீண்டும் கையிலெடுத்தார். அதே நூற்றாண்டில் பிரான்ஸில் ஒரு ரகசிய மருந்துநீர் செல்வந்தர்களிடையே புகழ்பெற்றது. அதில் இருப்பது கோல்சிகம்தான் என்று 1814இல் மருத்துவர் ஜான் வான்ட் வெளிப்படுத்தினார். 1820இல் வேதியியலாளர்கள் பெல்லத்தியேவும் கவாந்தூவும் செடியிலிருந்து சாரத்தைப் பிரித்தெடுத்தார்கள். அதுவே இன்றைய கோல்சிசின்.

அது வேலை செய்யும் விதத்தில்தான் விஷயம் இருக்கிறது. யூரிக் அமிலப் படிகங்கள் மூட்டில் தங்கும்போது வெள்ளணுக்கள் அங்கே திரண்டு அழற்சியை மூட்டுகின்றன. செல்லுக்குள் இருக்கும் நுண்குழாய்கள் கட்டப்படாமல் கோல்சிசின் தடுக்கிறது. வெள்ளணுக்களின் நடமாட்டம் தளர்கிறது, வலி அடங்குகிறது. செல்கள் பிரிவதற்கும் அதே நுண்குழாய்கள் வேண்டும். அளவு மீறினால் குடலின் உட்சுவரும் எலும்பு மஜ்ஜையும் சிதைகின்றன. ஆக, குணமும் கேடும் ஒரே செயலின் இரண்டு விளைவுகள். நஞ்சை நீக்கி மருந்தை மட்டும் வைத்துக்கொள்ள இங்கே வழியில்லை. அளவு ஒன்றுதான் வேலி. அந்த வேலியையும் நாம் சரியாகப் போட வெகுகாலம் ஆயிற்று. வயிற்றுப்போக்கு வரும்வரை மணிக்கொரு மாத்திரை என்பதே நெடுநாள் வழக்கம். 2010இல் வெளியான ஆய்வு, 1.8 மில்லிகிராம் போதும், 4.8 மில்லிகிராம் தேவையில்லை என்று காட்டியது. நிவாரணம் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் கூடுதல் அளவு பெற்றவர்களில் நான்கில் மூவருக்கு வயிற்றுப்போக்கு. குறைந்த அளவில் நான்கில் ஒருவருக்கும் குறைவு.

மாத்திரை இல்லாமலே முன்னோர் இதைப் பயன்படுத்தவில்லையா என்று கேட்கலாம். பயன்படுத்தினார்கள், பிழைத்தவர்கள் சொன்னதுதான் நமக்கு வந்து சேர்ந்தது, இறந்தவர்களின் கணக்கு சேரவில்லை. கிழங்குக்குக் கிழங்கு, பருவத்துக்குப் பருவம் சாரத்தின் அளவு மாறும்போது கைப்பிடிக் கணக்கு எப்படிப் பொருந்தும்? மக்களின் அறிவை எடுத்துக் கம்பெனிகள் காசாக்குகின்றன என்பது இன்னொரு கேள்வி. அது நியாயமான கோபம். அமெரிக்காவில் 2009க்குப் பிறகு சில சென்ட் விலையிலிருந்த மாத்திரை ஏறத்தாழ ஐந்து டாலரை எட்டியது பெரும் அநீதி. அதற்காகப் போராட வேண்டியது விலைக் கொள்கையோடு. கிழங்கைத் தின்பது அதற்குத் தீர்வாகாது.

இது தூரதேசத்துக் கதையன்று. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தள் கோல்சிகத்தின் குடும்பத்தையே சேர்ந்தது. அதன் கிழங்கிலும் விதையிலும் இருப்பது இதே கோல்சிசின். மூலனூர், ஒட்டன்சத்திரம் பகுதி விவசாயிகள் விதைக்காகவே அதைப் பயிரிடுகிறார்கள். கண்வலிக்கிழங்கு என்று நாம் அழைக்கும் அதைச் சித்த மருத்துவமும் சுத்தி செய்யாமல் தொடுவதில்லை. சுத்தி என்ற முறை இருப்பதே, அது நஞ்சென்று மரபு ஒப்புக்கொண்டதற்குச் சான்று. எனவே யாரோ சொன்னார்கள் என்று அந்தக் கிழங்கை அரைத்துக் குடிக்காதீர்கள். மருத்துவர் கோல்சிசின் எழுதிக் கொடுத்தால், சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ கிளாரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலோ முதலில் அவரிடம் சொல்லுங்கள். இந்த நஞ்சுக்கு இன்றுவரை வழக்கத்தில் முறிமருந்து இல்லை.